கேப்டன் ட்ராப்பும் ஒரு பிரெஞ்சுக் கப்பலும்

போன ஞாயிற்றுக்கிழமை நாள் முழுக்க மழை. விசாகப்பட்டினத்தில் மழை பிடித்துக்கொண்டால் விடாது. வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' பார்த்தோம். 1965-ல் வந்த படம். எனக்கு எத்தனையாவது தடவை என்று ஞாபகம் இல்லை, மகளுக்கு முதல் தடவை. (நம் ஊரில் ஜெமினியும் காஞ்சனாவும் நடித்து 1969-ல் வந்த 'சாந்தி நிலையம்' இதன் சாயலில் வந்ததுதான். அதையும் பார்க்க வேண்டும் என்று அம்மா தனியாக ஒரு மனு கொடுத்திருக்கிறார்.) கேப்டன் விசில் ஊதுகிறார், ஏழு பிள்ளைகளும் வரிசையாக இறங்கி வந்து அட்டென்ஷனில் நிற்கிறார்கள். அந்த இடத்தில் மகள் கேட்டாள்.

"ஏம்ப்பா, இவரு நேவி கேப்டன்னு சொல்றாங்க. ஆஸ்திரியாவுக்குத்தான் கடலே கிடையாதே?"

ஒன்பதாம் வகுப்பு. போன மாதம்தான் ஐரோப்பா மேப் வரைந்திருக்கிறாள். இத்தனை வருடமாகப் பார்க்கிறேன், எனக்கு இந்தக் கேள்வி தோன்றியதே இல்லை. முதல் உலகப் போருக்கு முன்னால் ஆஸ்திரியா-ஹங்கேரி ஒரு பெரிய சாம்ராஜ்யம், ஏட்ரியாட்டிக் கடலின் கிழக்குக் கரை முழுக்க, ட்ரியெஸ்டில் தொடங்கித் தெற்கே கட்டாரோ வரை, அவர்களுடையது, போரில் தோற்றதும் கடற்கரை மொத்தமும் கையைவிட்டுப் போய்விட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். விடுவாளா? "அப்போ இவர் நெஜமா சண்டை போட்டாரா? யாரை?"

அதற்கு விரிவான பதில்தான் இது. பதிலில் கேப்டனை விட ஒரு கப்பலுக்குத்தான் இடம் அதிகம். 684 பேர் அந்தக் கப்பலோடு போனார்கள். அவர்களைப் பற்றிப் படத்தில் ஒரு வசனம் கிடையாது.

கப்பலின் பெயர் லெயோன் கம்பெத்தா. ('காம்பெட்டா' என்று சொல்லிக்கொண்டிருந்த என்னைத் திருத்தியவர் பாண்டிச்சேரிக்கார அலுவலக நண்பர் ஒருவர்.) கம்பெத்தா என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரெஞ்சு அரசியல்வாதி. 1870-ல் பிரஷ்யப் படைகள் பாரிஸை முற்றுகையிட்டபோது பலூனில் ஏறி வெளியே பறந்து, நாட்டின் மற்ற பகுதிகளில் படை திரட்டியவர். குடியரசுவாதி. இந்தக் கப்பலோடு பிறந்த மற்ற இரண்டின் பெயர்கள் விக்தோர் யூகோ, ஜூல் ஃபெரி. அதற்கு அடுத்து வந்த குரூசர்களுக்கு ஜூல் மிஷ்லே, எர்னெஸ்ட் ரெனான், எட்கார் கினே என்று எழுத்தாளர்கள், வரலாற்று ஆசிரியர்கள் பெயர். போர்க்கப்பலுக்குப் புலி, சிங்கம், சக்கரவர்த்தி என்று பெயர் வைக்கிற காலத்தில் இது கொஞ்சம் விசித்திரம்தான். ஆனால் காரணம் இருக்கிறது. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரிகளில் பலர் பழைய பிரபுக் குடும்பத்துக் கத்தோலிக்கர்கள். மன்னராட்சி மேல் ஒரு சாய்வு உண்டு. ஆட்சியில் இருந்ததோ தேவாலயத்தையும் அரசையும் பிரித்தே தீருவோம் என்று நின்ற குடியரசுக் கட்சிகள். தங்களுக்குப் பிடிக்காத தலைவரின் பெயர் தாங்கிய கப்பலில் அந்த அதிகாரிகள் வேலை பார்க்க வேண்டியிருந்தது. நம்மூரில் ஆட்சி மாறினால் பஸ் கார்ப்பரேஷன் பெயர் மாறியதில்லையா, அந்த மாதிரி.

1901-ல் பிரெஸ்ட் துறைமுகத்தில் கட்டத் தொடங்கினார்கள். 1902 அக்டோபர் 26 அன்று தண்ணீரில் இறக்கினார்கள். வேலையெல்லாம் முடிந்து படையில் சேர்ந்தது 1905-ல். வடிவமைத்தவர் எமில் பெர்த்தன். இவர் சில ஆண்டுகள் ஜப்பானில் இருந்து ஜப்பானியக் கடற்படைக்கே கப்பல் வரைந்து கொடுத்தவர். கம்பெத்தாவின் எடை சுமார் 12,500 டன், நீளம் 150 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரட்டைப் பீரங்கி மேடைகள், அவற்றில் நான்கு 194 மில்லிமீட்டர் பீரங்கிகள். அவை போக 164 மில்லிமீட்டரில் பதினாறு. நான்கு புகைபோக்கிகள். 28 பாய்லர்கள். முழு வேகத்தில் 22 நாட். செலவு கிட்டத்தட்ட 2.9 கோடி பிராங்க்.

22 நாட் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருவோம்.

கவச குரூசர் என்ற ஜாதியே ஒரு சமரசம். பேட்டில்ஷிப் மாதிரி கவசம் வேண்டும், ஆனால் அதைவிட வேகமாக ஓட வேண்டும். தன்னைவிடச் சிறியதை அடிக்க வேண்டும், பெரியதைக் கண்டால் ஓட வேண்டும். தாளில் எழுதும்போது நன்றாகத்தான் இருக்கும். கம்பெத்தா படையில் சேர்ந்த ஓரிரு வருடத்திலேயே பிரிட்டன் ட்ரெட்நாட்டையும், அதன் பின்னாலேயே 25 நாட் ஓடுகிற பேட்டில்குரூசர்களையும் இறக்கியது. அத்தோடு இந்த ஜாதிக் கப்பல்கள் எல்லாம் மூன்று வருடப் பழைய கம்ப்யூட்டர் மாதிரி ஆகிவிட்டன. வேலை செய்யும், ஆனால் புதிதாக வாங்க யாரும் வர மாட்டார்கள்.

அமைதிக் காலத்தில் சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. பயிற்சி, அணிவகுப்பு, விருந்து. 1908 ஜூலையில் கனடாவின் கெபெக் நகரம் 300-வது ஆண்டு விழா கொண்டாடியபோது பிரான்ஸின் சார்பில் போய் நின்றது. 1608-ல் அந்த நகரத்தை நிறுவியது பிரெஞ்சுக்காரர் என்பதால் அந்த மரியாதை. பிரிட்டன் தன் புதிய பேட்டில்குரூசரில் இளவரசரையே அனுப்பியிருந்தது. ஒரே ஆற்றில் இரண்டும் நங்கூரம் போட்டு நின்றபோது, எது நேற்றைய கப்பல், எது நாளைய கப்பல் என்று அங்கிருந்த கடற்படைக்காரர்களுக்குப் புரிந்திருக்கும்.

1914 ஆகஸ்டில் போர். பிரெஞ்சு மத்தியதரைக்கடல் படையின் முதல் கவலை, அல்ஜீரியாவில் இருந்து படைவீரர்களைப் பத்திரமாகப் பிரான்ஸுக்குக் கொண்டுவருவது. கோபென், பிரெஸ்லாவ் என்ற இரண்டு ஜெர்மன் கப்பல்கள் அந்தப் பக்கம் சுற்றி, ஆகஸ்ட் 4 அன்று அல்ஜீரியத் துறைமுகங்கள் இரண்டில் குண்டு போட்டுவிட்டுக் கிழக்கே தப்பிப் போயின. அது தனிக் கதை. அடுத்த வேலை ஆஸ்திரியக் கடற்படையை ஏட்ரியாட்டிக்குக்குள்ளேயே அடைத்து வைப்பது. தளபதி அட்மிரல் புவே த லப்பெய்ரேர் தன் படையைக் கூட்டிக்கொண்டு ஆகஸ்ட் 16 அன்று உள்ளே நுழைந்தார். மாட்டியது சென்டா என்ற ஒரு சின்ன ஆஸ்திரியக் குரூசர். ஒரு பெரும்படை சேர்ந்து அதைத் துவம்சம் செய்து மூழ்கடித்தது. ஆஸ்திரியப் பெரிய கப்பல்கள் போலாவிலிருந்து வெளியே வரவே இல்லை.

எதிரி வெளியே வரமாட்டான் என்றால் என்ன செய்வது? வாசலில் காவல் காக்க வேண்டியதுதான். ஏட்ரியாட்டிக்கின் வாசல் ஓட்ரான்டோ நீரிணை. ஒரு பக்கம் இத்தாலியின் குதிகால், மறுபக்கம் அல்பேனியா. மிகக் குறுகலான இடத்தில் எழுபது கிலோமீட்டர் சொச்சம். பார்க்கச் சுலபமான காவல் மாதிரி தெரிகிறது. சிக்கல் எங்கே என்றால் நிலக்கரியில். இத்தாலி அப்போது நடுநிலை, கிரீஸும் நடுநிலை. சொந்தமென்று சொல்ல ஒரு துறைமுகம் பக்கத்தில் இல்லை. மால்டாவில் இருந்து கரி வர வேண்டும். 28 பாய்லருக்கும் தீ மூட்டி 22 நாட்டில் ஓடினால் கரி வெல்லம் மாதிரி கரையும். காவல் கப்பலின் வேலையோ இடையில் வருகிற சரக்குக் கப்பலை நிறுத்தி, படகு இறக்கி, காகிதம் பார்ப்பது. அதற்கு வேகம் எதற்கு? ஆகவே மெதுவாக, நடைப்பயிற்சி போகிற வேகத்தில், அதே கோட்டில் முன்னும் பின்னுமாக. வாரக்கணக்கில். மாதக்கணக்கில். உடன் வர வேண்டிய டிஸ்ட்ராயர்கள் சின்னவை. அவ்வளவு தூரம் வந்து தங்குகிற கொள்ளளவு இல்லை, குளிர்காலப் புயலில் அவற்றின் இயந்திரங்களும் நைந்து போயிருந்தன. குரூசர்கள் தனியாகவே சுற்றின.

இந்த இடத்தில் கொஞ்சம் வடக்கே போய்வர வேண்டும், 1914 செப்டம்பர் 22-ம் தேதிக்கு.

இந்தத் தேதி சென்னைக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். அன்று இரவு ஒன்பதரை மணி வாக்கில் எம்டன் வந்து மெட்ராஸில் குண்டு போட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. ஹைகோர்ட் வளாகத்தில் நினைவுக் கல் இன்னும் இருக்கிறது. கெட்டிக்காரனை "சரியான எம்டன்" என்று சொல்கிற வழக்கமும் அன்றைக்கு வந்ததுதான்.

அதே நாள் காலை, ஹாலந்துக் கடற்கரைக்கு அப்பால், மூன்று பிரிட்டிஷ் கவச குரூசர்கள் காவல் காத்துக்கொண்டிருந்தன. அபூகிர், ஹோக், கிரெஸ்ஸி. சுமார் 12,000 டன். கம்பெத்தாவின் வயதுதான், கம்பெத்தாவின் ஜாதிதான். பத்து நாட் வேகம், நேர்கோடு, டிஸ்ட்ராயர் துணை இல்லை. முப்பது பேர்கூட இல்லாத யு-9 என்ற ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி, ஒன்றரை மணி நேரத்துக்குள் மூன்றையும் கடலுக்கு அடியில் அனுப்பியது. 1,459 பேர் இறந்தார்கள். அந்தப் படைப்பிரிவுக்குப் பிரிட்டிஷ் கடற்படைக்குள்ளேயே 'தூண்டில் புழு' என்கிற அர்த்தத்தில் ஒரு கேலிப் பெயர் ஏற்கெனவே இருந்ததாம். ஆக ஆபத்து தெரியாமல் இல்லை.

செய்தி உலகம் முழுக்கப் போனது. பழைய குரூசரை மெதுவாக, நேர்கோட்டில், தனியாக ஓட்டாதே என்ற பாடம் 1,459 உயிரை விலையாக வாங்கிக்கொண்டு எல்லாக் கடற்படைக்கும் போய்ச் சேர்ந்தது. பிரெஞ்சுக்காரர்களுக்கு அது அடுத்தவன் வீட்டுப் பாடமாகவும் இருக்கவில்லை. டிசம்பர் 21 அன்று ஓட்ரான்டோ பக்கத்திலேயே அவர்களின் புத்தம்புதிய பேட்டில்ஷிப் ஜான் பார் மீது ஆஸ்திரிய நீர்மூழ்கி யு-12 டார்பிடோ விட்டது. மூக்கில் பட்டதால் கப்பல் பிழைத்தது. லப்பெய்ரேர் உடனே பேட்டில்ஷிப்புகளைத் தெற்கே வெகுதூரம் பின்வாங்கினார்.

பேட்டில்ஷிப்புகளைப் பின்வாங்கினார். குரூசர்களை அங்கேயே விட்டார். இதைப் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. ஆனால் அவர் பக்கத்திலும் யோசித்துப் பார்க்க வேண்டும். வாசலில் யாராவது நிற்கத்தான் வேண்டும். டிஸ்ட்ராயர் போதாது. விலை உயர்ந்ததை உள்ளே வைத்துவிட்டு, விலை குறைந்ததை வாசலில் நிறுத்தினார். கணக்கு அவருக்குச் சரி. குரூசருக்குள் எண்ணூற்றுச் சொச்சம் பேர் இருந்தார்கள் என்பதுதான் கணக்கில் வேறு பத்தியில் இருந்தது.

இனி அந்தப் பக்கம்.

இங்கே ராமகிருஷ்ணா பீச்சில் குர்சுரா நீர்மூழ்கியைக் கரையேற்றி 2002-லிருந்து மியூசியமாக வைத்திருக்கிறார்கள். ஊரிலிருந்து யார் வந்தாலும் அழைத்துப் போகிற முதல் இடம். 91 மீட்டர் நீளம். உள்ளே நுழைந்த ஐந்தாவது நிமிடத்தில் எல்லோரும் கேட்பது ஒன்றே ஒன்று: "இதுக்குள்ள எப்படிங்க மாசக்கணக்கா இருந்தாங்க?" ஆஸ்திரியாவின் யு-5 அதில் மூன்றில் ஒரு பங்கு. 32 மீட்டர், 19 பேர். மேலே ஓடும்போது பெட்ரோல் இயந்திரம். டீசல் அல்ல, பெட்ரோல். மூடிய இரும்புக் குழாய்க்குள் பெட்ரோல் ஆவி. தலைசுற்றல், வாந்தி, மயக்கம், எப்போது தீப்பிடிக்கும் என்ற பயம். தண்ணீருக்கடியில் பாட்டரியில் அதிகபட்சம் எட்டரை நாட், அதுவும் கொஞ்ச நேரம்தான். முன்னால் இரண்டு டார்பிடோ குழாய்கள்.

இந்தப் படகு பிறந்த கதையைப் படித்தபோது நாவலில் எழுதினால் நம்ப மாட்டார்கள் என்று நினைத்தேன். ராபர்ட் ஒயிட்ஹெட் என்ற ஆங்கிலேய இன்ஜினியர் ஏட்ரியாட்டிக் கரையில் ஃபியூமே என்ற ஊரில் (இன்றைக்குக் குரோஷியாவின் ரியெக்கா) தொழிற்சாலை நடத்திக்கொண்டிருந்தார். லுப்பிஸ் என்ற ஓய்வுபெற்ற ஆஸ்திரியக் கடற்படை அதிகாரி ஒரு யோசனையோடு வந்தார். அதை வைத்து மண்டையை உடைத்துக்கொண்டு 1866-ல் ஒயிட்ஹெட் செய்ததுதான் தானே நீந்திப் போகிற டார்பிடோ. உலகக் கடற்படைகள் எல்லாம் வரிசையில் நின்று வாங்கின. குடும்பம் கோடீஸ்வரக் குடும்பம் ஆயிற்று. யு-5 கட்டப்பட்டதும் அதே ஃபியூமே ஒயிட்ஹெட் தளத்தில்தான். 1909 பிப்ரவரியில் அதைத் தண்ணீரில் இறக்கி வைத்தவர் ராபர்ட்டின் பேத்தி அகாதே ஒயிட்ஹெட். கொஞ்ச நாளில், நீர்மூழ்கி வேலை கற்றுக்கொண்டிருந்த ஓர் இளம் கடற்படை அதிகாரியை 1911-ல் அகாதே கல்யாணம் செய்துகொண்டார். மாப்பிள்ளையின் பெயர் கேயோர்க் ஃபோன் ட்ராப்.

ஆம், அவரேதான். அந்த ஏழு பிள்ளைகளின் அம்மா இந்த அகாதேதான்.

ட்ராப் கல்யாணத்தையொட்டிய வருடங்களில் யு-5-இன் இரட்டைப் பிறவியான யு-6-க்குத் தலைவராக இருந்தவர். 1915 ஏப்ரலில் யு-5 அவர் கைக்கு வந்தது. மனைவி இறக்கிவைத்த படகு, மனைவியின் தாத்தா கண்டுபிடித்த ஆயுதம். அதை எடுத்துக்கொண்டு ஓட்ரான்டோ பக்கம் போனார்.

ஏப்ரல் 26. அன்று லண்டனில் இத்தாலி ஓர் இரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. ஒரு மாதத்துக்குள் நேச நாடுகள் பக்கம் போரில் இறங்குவதாக வாக்கு. அதாவது இத்தாலியத் துறைமுகங்களும் இத்தாலிய டிஸ்ட்ராயர்களும் கைக்கு வந்துவிடும், ஓட்ரான்டோ வாசலில் பிரெஞ்சுக் குரூசர்கள் இப்படித் தனியாக அலைய வேண்டியிருக்காது. ஒரு மாதம் தள்ளினால் போதும்.

அன்று இரவு இத்தாலியின் குதிகால் நுனியில் இருக்கும் சாந்தா மரியா தி லெவுக்காவுக்குத் தெற்கே சுமார் 15 மைலில் கம்பெத்தா தன் கோட்டில் போய்க்கொண்டிருந்தது. கப்பலில் ரியர் அட்மிரல் விக்தோர் செனெஸ் இருந்தார். இரண்டாம் இலகு படைப்பிரிவின் தளபதி. மொத்தம் 821 பேர். காற்று இல்லை, அலை இல்லை. பௌர்ணமிக்கு இரண்டு மூன்று நாள் முன்பு என்பதால் நல்ல நிலா. கப்பலின் வேகம் ஆறு, ஏழு நாட்.

22 நாட் ஓடக்கூடிய கப்பல். அந்த வேகத்தில் பாதியில் ஓடியிருந்தால்கூட, தண்ணீருக்கடியில் எட்டரை நாட் தாண்டாத யு-5 அதைத் துரத்திப் பிடித்திருக்க முடியாது. சரியான இடத்தில் ஏற்கெனவே காத்திருந்தால்தான் உண்டு. ஆறு, ஏழு நாட்டில் போகிற கப்பலிடம் அந்தக் கவலை இல்லை. நீர்மூழ்கி தானே நகர்ந்து, தனக்கு வேண்டிய இடத்தில் போய் நின்றுகொள்ளலாம்.

ட்ராப் அதைத்தான் செய்தார். நிலா வெளிச்சத்தில் கறுப்பாக ஒரு பெரிய உருவம், நான்கு புகைபோக்கி. இரவில் மூழ்கிய நிலையில் பெரிஸ்கோப் வழியாகக் குறிபார்ப்பது அன்றைக்குக் கிட்டத்தட்ட யாரும் செய்து பார்க்காத காரியம். இருட்டில் அந்தக் கண்ணாடியில் ஒன்றும் தெரியாது என்பதுதான் பொது அபிப்பிராயம். அந்த நிலா இருந்ததால் தெரிந்தது. ஏப்ரல் 27 பிறந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. சில நூறு மீட்டர் தூரத்தில் இருந்து ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு டார்பிடோ. இரண்டும் பட்டன.

மின்சாரம் உடனே போய்விட்டது. விளக்கு அணைந்தது. அதைவிடக் கொடுமை, வயர்லெஸ் செத்துப்போனது. உதவி கேட்டு ஒரு சொல் அனுப்ப முடியவில்லை. கப்பல் இடதுபக்கம் சாய்ந்துகொண்டே போனது. இருட்டில் படிகளைத் தேடி மேலே வர வேண்டும், சாய்ந்த தளத்தில் படகுகளை இறக்க வேண்டும். இதற்கெல்லாம் கிடைத்த நேரம் மொத்தம் பத்து நிமிடத்துக்குள். குர்சுராவுக்குள் விளக்கெரியும்போதே ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போவதற்குள் நான் இரண்டு தடவை தலையை இடித்துக்கொண்டேன்.

இறந்தவர்கள் 684. பிழைத்தவர்கள் 137. பிழைத்தவர்களில் ஓர் அதிகாரிகூட இல்லை. அட்மிரல் செனெஸ் முதல் கடைசி அதிகாரி வரை எல்லோரும் கப்பலோடு போனார்கள். பிடிக்காத தலைவர்களின் பெயர் தாங்கிய கப்பலில் வேலை பார்த்தவர்கள் என்று மேலே கொஞ்சம் கிண்டலாக எழுதிவிட்டேன். அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றிப் படித்த பிறகு அதை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். உண்மை என்பதால் விட்டுவைக்கிறேன், இதுவும் உண்மை.

ட்ராப் தண்ணீரில் இருந்தவர்களைக் காப்பாற்ற நிற்கவில்லை. 19 பேருக்கே மூச்சு முட்டுகிற படகில் யாரை ஏற்றுவது? 1935-ல் அவர் எழுதிய போர் நினைவுகளில் அந்த இரவு வருகிறது. வெற்றிக் களிப்பு என்று சொல்ல முடியாத தொனியில்தான் வருகிறது என்கிறார்கள் படித்தவர்கள்.

உதவி வந்தது எங்கிருந்து என்றால், நடுநிலை நாடான இத்தாலியில் இருந்து. வயர்லெஸ் இல்லாததால் விடியும்வரை யாருக்கும் தெரியாது. பிழைத்தவர்கள் துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்து சொன்ன பிறகுதான் லெவுக்காவில் விஷயம் தெரிந்தது. உடனே இத்தாலியப் படகுகள் கிளம்பி, மிதந்துகொண்டிருந்தவர்களை எடுத்தன. பிறகு உடல்களையும். லெவுக்காவுக்குப் பக்கத்தில் காஸ்ட்ரின்யானோ தெல் காப்போ என்ற சிற்றூரின் இடுகாட்டில் புதைத்தார்கள். ஊர்க்காரர்களுக்கு அந்தப் போரின் முதல் பிணங்கள் வேறு நாட்டுப் பையன்கள். மே 23 அன்று இத்தாலி ஆஸ்திரியா மேல் போர் அறிவித்தது. கப்பல் மூழ்கி நான்கு வாரம் முடியவில்லை.

பிரெஞ்சுக் கடற்படை என்ன செய்தது? ஏழு மாதத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டியதைச் செய்தது. குரூசர்களை ஓட்ரான்டோவை விட்டு வெகு தெற்கே இழுத்துக்கொண்டது. நீரிணைக் காவல் டிஸ்ட்ராயர்களுக்கும், பிறகு வலை கட்டி இழுக்கிற பிரிட்டிஷ் மீன்பிடிப் படகுகளுக்கும் போனது. ஆனால் முழுதாகக் கற்றுக்கொண்டார்கள் என்றும் சொல்ல முடியாது. 1916 பிப்ரவரி 8 அன்று சிரியக் கடற்கரைக்கு அப்பால் அமிரால் ஷார்னே என்ற இன்னொரு பழைய குரூசர் தனியாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு ஜெர்மன் நீர்மூழ்கியிடம் சிக்கியது. இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது என்கிறார்கள். நானூற்றுச் சொச்சம் பேரில் ஒரே ஒருவரை ஐந்து நாள் கழித்து ஒரு தெப்பத்தின் மேல் உயிரோடு கண்டெடுத்தார்கள். கூடப்பிறந்த விக்தோர் யூகோவும் ஜூல் ஃபெரியும் போரில் தப்பி, வயதாகிப் பழைய இரும்புக்குப் போயின.

ட்ராப் ஒரே இரவில் ஆஸ்திரியாவின் ஹீரோ ஆனார். அந்த ஆகஸ்டில் நெரெய்தே என்ற இத்தாலிய நீர்மூழ்கியை மூழ்கடித்தார். அடுத்து அவருக்குக் கொடுத்த படகு யு-14. இது ஆஸ்திரியர்கள் கட்டியதே அல்ல. 1914 டிசம்பரில் போலா துறைமுகத்துக்குள் திருட்டுத்தனமாக நுழையப் பார்த்து வலையில் சிக்கி மூழ்கிய கியூரி என்ற பிரெஞ்சு நீர்மூழ்கி. தூக்கியெடுத்து, துடைத்து, பெயர் மாற்றிப் பயன்படுத்தினார்கள். அதை வைத்துக்கொண்டு சரக்குக் கப்பல்கள் பலவற்றை அவர் மூழ்கடித்தார். போர் முடிந்ததும் பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் படகைத் திரும்ப வாங்கிக்கொண்டு, மறுபடி கியூரி என்றே பெயர் வைத்துப் பத்து வருடம் போல ஓட்டினார்கள்.

1918-ல் சாம்ராஜ்யம் கலைந்தது. கடல் போனது, கடற்படை போனது. ட்ராப்புக்கு அப்போது வயது 38. செய்யத் தெரிந்த ஒரே வேலைக்கு அவர் நாட்டில் இடமே இல்லை. 1922-ல் அகாதே ஸ்கார்லெட் காய்ச்சலில் இறந்தார். ஒயிட்ஹெட் குடும்பத்து டார்பிடோப் பணத்தில் குடும்பம் வசதியாகத்தான் இருந்தது. 1927-ல் மரியாவுடன் இரண்டாம் கல்யாணம். 1930-களில் பணம் போட்டிருந்த வங்கி மூழ்கியது, பணம் போனது. அதன் பிறகுதான் பாட்டு, வீட்டு அளவில் இருந்தது, பிழைப்பாக மாறியது. 1938-ல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியதும் ஜெர்மன் கடற்படையில் சேர அழைப்பு வந்தது, மறுத்துவிட்டுக் குடும்பத்தோடு வெளியேறினார். (படத்தில் காட்டுவதுபோல் மலையேறி அல்ல, சாதாரணமாக ரயில் ஏறி இத்தாலிக்கு. அவர் பிறந்த சாரா நகரம் இத்தாலி வசம் போயிருந்ததால் இத்தாலியக் குடியுரிமை இருந்தது.)

இவ்வளவையும் இரண்டு மூன்று தவணையாகச் சாப்பாட்டு மேஜையில் மகளுக்குச் சொல்லி முடித்தேன். படத்தில் நல்லவராக வருகிற மனிதர் 684 பேரைக் கொன்றவர் என்பதை எப்படி எடுத்துக்கொள்வாளோ என்று எனக்குள் கொஞ்சம் தயக்கம் இருந்தது. அவள் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சாம்பார் பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே கேட்டாள்:

"அந்த 137 பேரு, அவங்களுக்கெல்லாம் பேர் இருக்காப்பா?"

அன்று இரவே தேடத் தொடங்கினேன்.